எருமப்பட்டிக்கு அப்பால் இஸ்ரவேல்

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டாம் முறை மோர் ஊற்றும்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. அன்று காலை எங்கள் பேராசிரியர் யூதர்கள் ஆடு அறுக்கும் முறையை விவரித்திருந்தார். அறுப்பவர் கத்தியை நகத்தின் மேல் இழுத்துப் பார்ப்பார். பல் விழுந்திருந்தால் அந்தக் கத்தி ஆகாது. ஒரே இழுப்பு. ரத்தம் வடியவேண்டும். பிறகு கறிக்கு உப்பிட்டு வைக்கவேண்டும். சைவக் குடும்பத்தில் பிறந்து ஆட்டுக்கறியைக் கண்ணாலும் பார்த்திராத நான், இதையெல்லாம் சாப்பாட்டு வேளையில் உற்சாகமாக ஒப்பித்துப் பக்கத்து இலைக்காரர்களை எழுப்பிவிட்டேன்.

எதிரே இருந்த பழனிசாமி மட்டும் எழவில்லை. நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன்.

"இதுல என்ன அதிசயம்? எங்கூர்ல காசிம் மாமாவும் நகத்துலதான் பாக்கறாரு."

"யார் காசிம் மாமா?"

"எங்க மாரியம்மன் நோம்பிக்குக் கெடா அறுக்கறவரு."

"அம்மன் நோன்புக்கு முஸ்லிமா அறுக்கிறார்?"

"சாமிக்கு ஒண்ணப் பூசாரி வெட்டுவாரு. சனத்துக்கு மூணு. அத மாமா ஓதி அறுப்பாரு. பின்ன யாரு அறுப்பா?"

மோர் கையில் வழிந்தது. நான் கவனிக்கவில்லை.

எங்கள் கல்லூரியில் செமிட்டிக் ஆராய்ச்சி மாணவர் கழகம் என்று ஒன்று உண்டு. ஐந்து பேர் உறுப்பினர். ஒருவன் எபிரேயத்துக்கும் அரபிக்கும் பொதுவான சொற்களை அட்டவணை போட்டுக்கொண்டிருந்தான். ஒருவன் அரபு எழுத்தில் எழுதிய தமிழ் ஏடுகளைத் தேடித் தூசியால் இருமல் வாங்கியிருந்தான். இன்னும் இருவர் அவர்கள் இருவரையும் மறுப்பதற்காகச் சேர்ந்தவர்கள். ஐந்தாமவன் நான், தலைப்பை நான்கு முறை மாற்றியிருந்தேன், ஒரு வரி எழுதவில்லை. பதினைந்து நாளில் கழகக் கூட்டம். "கண்ணால் பார்த்த விஷயம் ஒன்றைக் கொண்டு வந்தால் மேடை உனக்கு, இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவேன்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அடித்தால் என் மாமா துறைமுக ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கு எழுதி வைத்திருக்கும் மனுவில் நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அன்றிரவே கொள்கை தயார். பண்டைக்கால யூத வணிகர் கூட்டம் ஒன்று காவேரி வழியாக மேலேறி, மோகனூர்த் துறையில் கரையிறங்கி, கிழக்கே திரும்பி எருமப்பட்டிப் பக்கம் நிலத்தில் இறங்கி, வேளாண்மையில் மூழ்கித் தன் பெயரையே மறந்துவிட்டது. பழனிசாமியின் முகத்தை விளக்கொளியில் பக்கவாட்டில் பார்த்தேன். மூக்கு ஒத்துழைத்தது. ஐப்பசியில் நோம்பி, அதாவது அம்மன் திருவிழா; புதன்கிழமை கெடா. அதை நான் பார்த்தாக வேண்டும்.

மதராஸைத் தாண்டியறியாத எனக்குச் சேலம் ஜில்லா வெளிநாடு. கம்பளி, கொசுவலை, எபிரேய அகராதி மூன்றும் எடுத்துக்கொண்டு பழனிசாமியோடு ரயிலேறினேன்.

ஞாயிறு. சேலத்தில் பஸ். யுத்த காலமாதலால் பெட்ரோல் கிடையாது. வண்டியின் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டியிருந்தார்கள். கண்டக்டர் துருத்தியைச் சுழற்றச் சுழற்றப் புகை முழுவதும் உள்ளே வந்தது. வேகம் மட்டும் வரவில்லை. ராசிபுரம் மேட்டில் நின்றேவிட்டது.

"ஏனுங்க, எல்லாரும் செத்த எறங்குங்க. வண்டி மூச்சு வாங்கோணும்."

கோழியை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள் நகரவில்லை. "ஏப்பா, டிக்கெட்டு உக்காரறதுக்கா, தள்ளறதுக்கா?"

"ரெண்டுக்குந்தானுங்க ஆத்தா."

அவர் இறங்கவில்லை. அவரையும் கோழியையும் சேர்த்தே தள்ளினோம். மதராஸில் டிராம் நின்றால் ஆளுக்கொரு வசவு கேட்கும். இங்கே தள்ளுகிறவர்கள் சிரித்துக்கொண்டும், "உங்களுக்கு எந்த ஊருங்க சாமி?" என்று விசாரித்துக்கொண்டும் தள்ளினார்கள். எனக்கு வயது இருபது. ஒரு கிழவர் என்னைச் சாமி என்றார். அவரைக் கண்டக்டர் சாமி என்றான். கோழியைக்கூட யாரோ சாமி என்றதாக ஞாபகம். 'எல்லாரையும் இறைப்பெயரால் விளிக்கும் வழக்கம், ஆராயத்தக்கது' என்று சேறு படிந்த கையால் குறித்துக்கொண்டேன். நாமக்கல் பாறை கண்ணில் பட்டபோது என் சட்டை கரி வியாபாரியின் சட்டையாகியிருந்தது. அங்கிருந்து கட்டை வண்டி.

திங்கள். பழனிசாமியின் தகப்பனார் பெரியசாமிக் கவுண்டர் மாட்டை ஏரில் பூட்டாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஏன் என்றேன்.

"திங்கக்கெழமைங்க. மாட்டுக்கும் ஒரு நாளு வேணுமுங்களே."

எழுதினேன்: 'வாரந்தோறும் ஓய்வு நாள் உண்டு. யூதருக்குச் சனி, இவர்களுக்குத் திங்கள். இரண்டு நாள் பிந்தியிருப்பது பயணக் களைப்பால் இருக்கலாம்.'

"உங்கள் முன்னோர் வேறு தேசத்திலிருந்து வந்தவர்களா?"

"ஆமாங்க."

"கடல் கடந்து?"

"ஆமாங்க."

"இஸ்ரவேல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

"கேக்காம இருப்பமுங்களா?"

என் பேனா பறந்தது. நாலு பக்கம் நிரம்பிற்று. பிறகு கிணற்றடியில் பழனிசாமி சொன்னான்: "போன மாசம் வெவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் வந்து, இந்த மண்ணுல கோதுமை வெளையுமான்னு கேட்டாரு. அவருக்கும் ஆமாங்கதான்."

"விளையுமா?"

"எங்க வெளையும்? அத்தன தூரத்துல இருந்து ஒரு மனுசன் வந்து கேக்கறாரு. இல்லீங்கன்னு சொல்லி மூஞ்சியத் தொங்கப்போட்டு அனுப்ப முடியுமா?"

நாலு பக்கத்தையும் கிழிக்க மனமில்லை. ஓரத்தில் 'சரிபார்க்க' என்று போட்டேன்.

மத்தியானம் ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் மெல்ல மெல்ல அது வாய்க்குள் வளர்ந்தது. பழனிசாமியின் தாயார் பாவாயம்மாள் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்ன சாமி, களி உங்களத் திங்குதா, நீங்க களியத் திங்கறீங்களா?"

ஒரு டம்ளர் தண்ணீரோடு களி இறங்கியதும் நான் கேள்வியில் இறங்கினேன். கறிக்கு உப்பிடுவீர்களா? உப்புப் போட்டுக் காயவைத்து உப்புக்கண்டம் போடுவார்களாம். ஆகா! யூதர் கறியோடு பால் சேர்ப்பதில்லை, நீங்கள் சேர்ப்பீர்களா? "வவுறு கெட்டுப்போகும்." ஆகா, ஆகா! ரத்தத்தை என்ன செய்வீர்கள்?

"சாமிக் கெடாவோட ரத்தத்தப் புடிச்சு, வெங்காயம் போட்டுப் பொரிச்சா, அதாட்டம் ருசி எதுலயும் இல்ல."

யூதருக்கு ரத்தம் ஆகவே ஆகாது. என் கொள்கை ஒரு கணம் வாணலியில் கிடந்தது. பிறகு தெளிந்து, 'ரத்தப் பொரியல்: பிற்காலத் திரிபு' என்று எழுதிக்கொண்டேன். ஆராய்ச்சியில் இந்த ஒரு சொற்றொடர் இருந்தால் எந்த மலையையும் தாண்டிவிடலாம்.

செவ்வாய். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கைவிட்டேன். ஒரே கேள்விதான்: ஏன் காசிம் ராவுத்தர் அறுக்கிறார்? ஊரைச் சுற்றி வந்தேன். செக்கடியில் ஒருவர், "அவரு கத்தி நல்ல கத்திங்க" என்றார். இன்னொருவர் அது எப்போதோ மாட்டுக்குக் கோமாரி வந்தபோது செய்த வேண்டுதல் என்றார். மூன்றாமவர் வேண்டுதலே இல்லை என்றார். இருவருக்கும் அதுவரை அந்த விஷயத்தில் அபிப்பிராயமே இருந்ததில்லை. நான் நகர்வதற்குள் சண்டை. பூசாரி, "எனக்கு ஒண்ணு வெட்டவே கை சரியாப் போகுது, மிச்சத்த நான் ஏன் கேக்கறேன்?" என்றார். இளவட்டம் ஒருவன், "அதான, ஏன் அவரு?" என்று முதல் தடவையாக யோசித்தான். அறிவைத் தூண்டிவிட்டேன் என்று பூரித்துப்போனேன்.

மாலை காசிம் ராவுத்தரின் வீட்டுக்குப் போனேன். ஊர்க்கோடி, சுற்றிலும் அவருடைய கடலைக்காடு. ஐம்பது வயது, ஒட்டிய வயிறு, கத்தரித்த மீசை. சாணைக் கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர், கட்டிலைக் காட்டி உட்காரச் சொல்லி, வேகவைத்த கடலைக்காய் ஒரு முறம் வைத்தார். தின்றுகொண்டே கேட்டேன்.

"நோம்பிக்கு ஏன் நீங்கள் அறுக்கிறீர்கள்?"

கல்லில் கத்தி நின்றது. "ஏனுங்க, ஊர்ல ஏதாச்சும் சொன்னாங்களா?"

இங்கேதான் நான் படித்தவன் என்பதைக் காட்டினேன். "ஊரில் எல்லாரையும் கேட்டேன். ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை."

"சரிங்க" என்றார் அவர். கத்தியைத் துடைத்துத் துணியில் சுற்றினார். "கடலைக்காய் இன்னுங் கொஞ்சம் எடுத்துக்குங்க."

நான் வீடு திரும்புவதற்குள் சேதி திரும்பியிருந்தது. கவுண்டர் மாட்டுக்குத் தண்ணி காட்டியபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ராவுத்தர் நாளைக்கி வரமாட்டாராம்."

பழனிசாமி என்னை வைக்கோற்போருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். "எங்கப்பா வாயில ராவுத்தர்னு வந்து நான் கேட்டதே இல்ல. மச்சான்னுதான் வரும். எங்கம்மாவுக்கு அவரு அண்ணன், எனக்கு மாமன். நீ என்ன கேட்டே அவர்கிட்ட?"

சொன்னேன்.

"நாலு தலமொறையா யாரும் ஏன்னு கேக்கல. இப்ப ஊரே கேக்குதுன்னு அவரு நெனச்சுட்டாரு."

"அதனாலென்ன? உன் அப்பா போய் அழைக்கட்டும்."

"அழைக்கறதா?" அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஊட்டாளை யாராச்சும் ஊட்டுக்கு வாங்கன்னு அழைப்பாங்களா? ஒருக்கா வெத்தலை வெச்சு அழைச்சுட்டா, அவரு அசலூராளு. அத அவரே தாங்க மாட்டாரு. அழைக்கவும் முடியாது, அழைக்காம இனி வரவும் மாட்டாரு. அவரில்லாம நாளைக்கு ஒரு நோம்பி நடந்துட்டா, வர்ற வருசம் அவருக்குன்னு ஒருத்தனும் காத்துக் கெடக்க மாட்டான். அவ்வளவுதான், முடிஞ்சுது."

பொழுது சாய்வதற்குள் ஓடிப்போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க கேட்டதுல தப்பில்லீங்க. கேட்டதுக்கு ஊர்ல பதிலில்லாமப் போச்சு பாருங்க. அதானுங்க."

இம்முறை வைத்த கடலைக்காயைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

புதன். விடியற்காலை பூசாரி சாமிக் கெடாவை வெட்டினார். மற்ற மூன்றும் புளியமரத்தடியில் கட்டிக் கிடந்தன. அடுப்பு மூட்டியாயிற்று. அம்மியில் மிளகாயும் மல்லியும் அரைத்தாயிற்று. சந்தைக்கு மாடு ஓட்டிவந்த வியாபாரிகள் தடத்தில் தென்பட ஆரம்பித்தார்கள். ஒருவரும் கடலைக்காட்டுப் பக்கம் பார்க்கவில்லை. அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள்.

"பூசாரியே மூணையும் வெட்டிப்போடட்டுமே" என்றான் நேற்று யோசிக்கத் தொடங்கிய அந்த இளவட்டம். பூசாரி தன் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார். கவுண்டர் வானத்தைப் பார்த்து, மழை வரும் என்றார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. துறைமுக ஆபீஸ் மனு என் கண்முன் ஆடியது. ஆனால், உண்மையைச் சொல்கிறேன், அதைவிட அந்தச் 'சரிங்க' காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாவாயம்மாள் மசாலாக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். புளியமரத்தடிக்குப் போய், பெரிய கெடாவின் கயிற்றை அவிழ்த்தார். முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அம்மா! ஆடு ஓடுகிறது!" என்று கத்தினேன்.

"கம்முனு இருங்க சாமி. இதுக்காச்சும் ஏன்னு கேக்காதீங்க."

கெடா ஒரு கணம் நின்று மூக்கை உயர்த்தியது. பிறகு நேராகக் கடலைக்காட்டை நோக்கி நடந்தது. ஊரில் உள்ள அத்தனை ஆட்டுக்கும் அந்த வழி தெரியும்போலும்.

கால் மணி நேரம். தூரத்தில் ஒரு கூச்சல். காசிம் ராவுத்தர், வாயில் கடலைக்கொடி தொங்கிய கெடாவைக் காதோடு பிடித்து இழுத்துக்கொண்டு, அதைவிட ஆவேசமாக வந்தார்.

"யாருதுங்க இது? ஒரு பாத்திக் கொடியத் தின்னுபோட்டுது! ஊர்ல கேக்க ஆளில்லையா?"

"கட்டி வெச்சதுதானுங்கண்ணா" என்றார் பாவாயம்மாள். "உங்க காடுன்னா அதுக்கு அத்தன ஆசை."

"மேய உட்டுப்போட்டுப் பேச்சப் பாரு!"

"வெயில்ல நின்னுதான் சண்டை போடோணுமா? இந்தாங்க, மோரு குடிங்க." கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்தார். "வந்தது வந்துட்டீங்க. கத்தி இருக்குதுங்களா?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கவுண்டர் இன்னமும் மழையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நோம்பி நாளும் அதுவுமா, கத்தி இல்லாம எவனாச்சும் ஊட்ட உட்டுக் கெளம்புவானா?" என்று இடுப்பில் செருகியிருந்த கத்தித் துணியைப் பிரித்தார் காசிம் மாமா.

"மச்சான், அந்தப் பக்கம் நெழல் இருக்குது" என்றார் கவுண்டர், வானத்திலிருந்து இறங்கி.

"காலப் புடிக்க ஆளு?" என்று கேட்டவர், தாமே பதிலும் சொன்னார். "கேள்வி கேட்ட சாமியக் கூப்புடுங்க."

பின்னங்கால் இரண்டும் என் கையில். கத்தியை நகத்தின்மேல் இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். கெடாவின் முகத்தை மேற்கே திருப்பினார். உதடு அசைந்தது. மதராஸிலிருந்து கரிப்புகையில் வந்தது இந்த ஒரு கணத்துக்காகத்தான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

மூன்று கெடா. மூன்று முறையும் மூடிக்கொண்டேன். 'அறுக்கும் முறை' என்ற தலைப்பின் கீழ் என் நோட்டில் இன்றுவரை இவ்வளவே இருக்கிறது: 'கால் சூடாக இருந்தது. ஓர் உதறல். பிறகு இல்லை.'

பந்தி உட்கார்ந்தது. எனக்கு ரசமும் ஒப்புட்டும்; மதராஸில் அதைப் போளி என்போம். என் பக்கத்து இலை காலியாக இருந்தது. மாடு ஓட்டிவந்த வியாபாரி ஒருவர், ஆம்பூர்ப் பக்கத்து முஸ்லிம், தொப்பியைச் சரிசெய்தபடி அதன் முன்னால் நின்றார். உட்காரவில்லை.

"அறுத்தது யாரு?"

"எங்க மச்சான்" என்றார் கவுண்டர். "காசிமு."

அவர் செருப்பைக் கழற்றி உட்கார்ந்து இலைக்குத் தண்ணீர் தெளித்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். இரண்டு நாளாக நான் ஊரெல்லாம் தேடிய காரணம், தானே நடந்து வந்து, ஒரே கேள்வி கேட்டு, இலையில் கை வைத்துவிட்டது.

ஆனால் எல்லாரும் ஒரே பந்தி என்று எழுதினால் அது என் இஸ்ரவேலைப் போன்ற இன்னொரு கதையாகிவிடும். காட்டு வேலைக்காரர்கள் அப்பால், பனைமரத்தருகே, தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே நியாயமாகக் கேட்டிருக்க வேண்டிய ஒரு 'ஏன்' இருந்தது. கண்ட இடத்திலெல்லாம் கேட்டுத் தீர்த்தவன், கேட்க வேண்டிய இடத்தில் ஒப்புட்டைத் தின்றுகொண்டிருந்தேன்.

வியாழன். நாமக்கல் பஸ் நிலையம். துருத்தி சுழன்றுகொண்டிருந்தது. பழனிசாமியும் நானும் இடம் பிடித்த பிறகு, காசிம் மாமா ஒரு துண்டில் கடலைக்காய் முடிந்துகொண்டு வந்து சன்னலருகே நின்றார்.

"யூதருன்னு சொன்னீங்களாம், பழனி சொன்னான். அவங்க அறுத்தா நான் திங்கலாமுங்களா?"

"தின்னலாம். உங்கள் வேதத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது."

"நான் அறுத்தா அவங்க திம்பாங்களா?"

"மாட்டார்கள் என்றுதான் புத்தகங்களில்..."

"புஸ்தகத்த நான் கேக்கலீங்க." கடலைக்காயைச் சன்னல் வழியாகக் கொடுத்தார். "அசலூர்ல, சந்தையில, பசியோட நின்னா என்ன பண்றாங்க? அதத்தானுங்க கேக்கறேன்."

எனக்குத் தெரியவில்லை. இந்தப் பயணத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள். மோகனூர்த் துறையில் இறங்கிய வணிகர்களை மறுபடியும் படகேற்றி அனுப்பிவிட்டேன். மேடையில் ஆட்டுக் காலைப் பற்றிய மூன்று வாக்கியத்தையும், ஆம்பூர்க்காரர் கேட்ட ஒரு கேள்வியையும் வாசிப்பேன். கண்ணால் பார்த்ததா என்று பேராசிரியர் கேட்டால், பாதி என்பேன். பெயரை அடித்தாலும் சரி. மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மார்கழி விடுமுறை ஒன்று இருக்கிறது. கொச்சியில் யூதர் தெரு உண்மையாகவே இருக்கிறது. அங்கே கறிக்கடை எங்கே, சந்தை எங்கே, வெளியூரிலிருந்து பசியோடு வருகிறவன் எந்த இலையில் உட்காருகிறான் என்று பார்க்க வேண்டும். நோட்டை மூடி வைத்துவிட்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.

சைவனாகிய என் பசி அங்கே உதவாது. கறி தின்னத் தெரிந்த, கத்தி அறிந்த ஒருவர் வேண்டும். ஆனால் எருமப்பட்டிப் பக்கத்தில் மூன்று நாள் இருந்த எனக்கு ஒரு மரியாதை தெரிந்திருந்தது. ஆகவே நான் அழைக்கவில்லை. பழனிசாமியைப் பார்த்து, சன்னலுக்கு வெளியே கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

"மார்கழி பத்தாம் தேதி. மதராஸிலிருந்து கொச்சி வண்டி. சேலம் வழியாகத்தான் போகிறது."

பஸ் ஒரு முறை இருமி, நகர்ந்தது. காசிம் மாமா வேறெங்கோ பார்த்துக்கொண்டு கூடவே நாலு எட்டு நடந்தார்.

"சேலம் ஜங்ஷன்ல அது எத்தன மணிக்குங்க நிக்கும்?"